நத்தை ஓட்டை வைத்து லோயஸ் மண்ணுக்கு வயது சொல்லலாமா? ஐந்து மாதிரிக்குத்தான் காசு இருக்கிறது

#1 மண்படி

எல்லோருக்கும் வணக்கம். பனியுகக் காற்றடி வண்டல் (லோயஸ்) பற்றி ஆய்வு தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. போன வாரம் என் வழிகாட்டி ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதிலிருந்து ஏதாவது வயது வருமா பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெட்டி நிறைய நத்தை ஓடுகள். மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கில், கரையோர லோயஸ் மேடு ஒன்றிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் யாரோ பொறுக்கியவை. 2 மீட்டர், 5 மீட்டர், 8 மீட்டர் என்று ஆழம் எழுதிய சீட்டோடு தனித்தனிப் பைகள். ஒரு சின்னப் பையில் மட்டும் ஆழம் இல்லை, "உயிருடன் பிடித்தவை, 1938" என்று இருக்கிறது.

இது பீயோரியா லோயஸ் என்ற அடுக்கு. கடைசிப் பனியுகத்தின் பிற்பகுதியில், ஏறக்குறைய 25,000 முதல் 12,000 ஆண்டுகளுக்கு முன் படிந்தது. அதாவது கார்பன்-14 (உயிர் செத்த பின் சிதைந்து குறைந்துகொண்டே போகும் கதிரியக்கக் கார்பன்) எட்டும் தூரத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் பழைய பாடநூலைத் திறந்தால் "நில நத்தை ஓட்டைக் கார்பன் முறையில் கணிக்காதே" என்கிறது. புதிய கட்டுரைகளைத் திறந்தால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். யாரை நம்புவது? கையில் ஐந்து மாதிரிக்கு மட்டுமே பணம் இருக்கிறது.

#2 கார்பன்காரன்

இரண்டையும் நம்புங்கள். பாடநூல் பெரிய நத்தையைப் பார்த்து எழுதியது, புதிய கட்டுரைகள் சின்ன நத்தையைப் பார்த்து எழுதியவை.

பிரச்சினை என்னவென்றால், நத்தை ஓடு கால்சியம் கார்பனேட். அதில் இருக்கும் கார்பன் மூன்று வழியாக வருகிறது: தின்ற இலை தழை, மூச்சுக் காற்று, அப்புறம் சுரண்டி விழுங்கிய சுண்ணாம்புக்கல். முதல் இரண்டிலும் இருப்பது அந்தக் காலத்துக் கார்பன். சுண்ணாம்புக்கல்லில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டு பழையது, கார்பன்-14 ஒரு துளியும் மிச்சமில்லாத செத்த கார்பன். அது ஓட்டில் கலந்தால், நேற்றுச் செத்த நத்தைகூட ஆயிரம் ஆண்டு கிழவனாகத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டில் பத்து சதவீதம் செத்த கார்பன் இருந்தால் வயது சுமார் 850 ஆண்டு கூடுதலாகக் காட்டும். முப்பது சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 2,900 ஆண்டு. 1983-இல் குட்ஃபிரெண்டும் ஸ்டிப்பும் சுண்ணாம்புப் பகுதி நத்தைகளில் 3,000 ஆண்டு வரை பிழை வரும் என்று காட்டினார்கள். உங்கள் பாடநூலின் பயம் அங்கிருந்து வந்தது. நியாயமான பயம்தான்.

#3 சும்மா_வந்தவன்

நான் இந்தத் துறை இல்லை, வாசகன் மட்டும். லோயஸ் என்றால் காற்று அடித்துக் கொண்டுவந்த மண் என்று புரிகிறது. அதில் நத்தை எப்படி வந்தது? அதையும் காற்றா தூக்கி வந்தது? இன்னொன்று, நத்தை எதற்காகக் கல்லைத் தின்ன வேண்டும்?

#4 ஓடுபொறுக்கி

சும்மா வந்தவரே, இந்தக் கேள்விக்கு நூறு வருஷ வரலாறு இருக்கிறது. கொஞ்சம் உட்காருங்கள்.

லோயஸ் என்பது பெரும்பாலும் 0.02 முதல் 0.06 மில்லிமீட்டர் வரையுள்ள துகள். மணலை விடப் பொடி, களிமண்ணை விடப் பருமன். பனிப்பாறைகள் கல்லை அரைத்து மாவாக்கும். உருகிய நீர் அந்த மாவை ஆற்றுப்படுகையில் கொட்டும். குளிர்காலத்தில் நீர் வற்றியதும் காற்று அதை வாரிப் பக்கத்து மேட்டில் போடும். அதனால்தான் மிசிசிப்பி, ரைன், டான்யூப் என்று பெரிய ஆறுகளின் ஓரமாகவே இந்த மேடுகளைப் பார்க்கிறோம். ஆற்றுக்குப் பக்கத்தில் தடிப்பாக இருக்கும், தள்ளிப் போகப் போக மெலியும். வெட்டினால் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில், மிசிசிப்பிக் கரையிலுள்ள விக்ஸ்பர்க் முற்றுகையின்போது ஊர்மக்கள் பீரங்கிக் குண்டுக்குப் பயந்து குகை தோண்டிக் குடியிருந்ததும் இதே மண்ணில்தான்.

இந்தப் பெயரை 1820-களில் ஹைடல்பர்க்கில் கார்ல் சீசர் ஃபான் லியோன்ஹார்டு எழுத்தில் வைத்தார். புவியியலாளர் சார்லஸ் லயல் அதைப் பரப்பினார். அப்போது பலரும் இதை வெள்ளம் கொண்டுவந்த மண் என்றே நினைத்தார்கள். ஆனால் உள்ளே கிடைப்பது மீன் எலும்பு இல்லை, ஆற்றுச் சிப்பியும் இல்லை. இலைச் சருகிலும் புல்லடியிலும் வாழும் நில நத்தைகள். அதுவும் ஊதினால் உடைகிற ஓடு, முழுசாகக் கிடைக்கிறது. வெள்ளம் உருட்டி வந்திருந்தால் அப்படி இருக்குமா? சீனாவைச் சுற்றிப் பார்த்த ரிஷ்தோஃபன் 1870-களில் காற்றுதான் காரணம் என்று வாதிட்டார். அயோவாவில் போஹுமில் ஷிமெக் ஆண்டுக்கணக்கில் நத்தைகளை வைத்தே அதை நிறுவப் பாடுபட்டார். ஆக, நத்தையைக் காற்று தூக்கி வரவில்லை. நத்தை அங்கேயே வாழ்ந்தது, செத்தது, அதன் மேல் புழுதி மெல்ல விழுந்து மூடியது. வயது கணிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

கல் தின்பது ஏன் என்றால் கால்சியத்துக்காக. பெரிய ஓடு கட்டும் நத்தைக்கு நிறைய வேண்டும். சருகுக்குள் வாழும், சில மில்லிமீட்டரே வளரும் நத்தைகள் பெரும்பாலும் தின்னும் தழையிலிருந்தே தேவையைத் தீர்த்துக்கொள்கின்றன. அளவு மட்டும் போதாது, இனமும் முக்கியம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

#5 குவார்ட்ஸ்குட்டி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? லோயஸுக்கு ஒளிர்வு முறை இருக்கிறது. குவார்ட்ஸ் துகள் காற்றில் பறக்கும்போது வெயில் பட்டு அதன் உள்கணக்கு பூஜ்யமாகிவிடும். மூடிய பிறகு சுற்றுமண்ணின் கதிர்வீச்சு துகளில் சேர்ந்துகொண்டே வரும். ஆய்வகத்தில் ஒளி காட்டி அதை அளந்தால் எப்போது புதைந்தது என்று தெரியும். வண்டலின் வயதை வண்டலே சொல்கிறது. நத்தை என்ன தின்றது என்று துப்பறிய வேண்டியதில்லை. கார்பன் 50,000 ஆண்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும், எங்கள் முறை லட்சம் ஆண்டையும் தாண்டும்.

#6 கார்பன்காரன்

குட்டி, உங்கள் முறையை மதிக்கிறேன். ஆனால் பிழைக்கோட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒளிர்வில் ஐந்து முதல் பத்து சதவீதம் சகஜம். 22,000 ஆண்டு மண்ணில் அது ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ஆண்டு. புதைந்திருந்த காலம் முழுவதும் மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று நீங்களே ஒரு எண் போட வேண்டும். ஈரத்தை ஒரு சதவீதம் மாற்றினால் வயதும் ஏறக்குறைய ஒரு சதவீதம் நகரும். இல்லை என்பீர்களா?

நல்ல ஓட்டில் கார்பன் அளவீட்டுப் பிழை நூறு, இருநூறு ஆண்டுதான். கிரீன்லாந்து பனிக்கட்டியில் தெரியும் திடீர்க் குளிர், திடீர் வெப்ப மாற்றங்கள் ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் வந்து போனவை. அவற்றோடு லோயஸ் அடுக்கை ஒப்பிட வேண்டுமென்றால் உங்கள் பிழைக்கோடு முழு நிகழ்வையும் விழுங்கிவிடும். ஹங்கேரியின் துனசெக்சோவில் சின்ன நத்தை ஓடுகளை வரிசையாகக் கணித்து, ஐரோப்பியப் புழுதியும் கிரீன்லாந்துப் புழுதியும் கூடவே ஏறி இறங்கின என்று 2017-இல் காட்டினார்கள். ஜெர்மனியின் நுஸ்லோக்கில் மண்புழுக்கள் சுரக்கும் கால்சைட் (ஒருவகைக் கால்சியம் கார்பனேட்) மணிகளை வைத்து அதே வருடம் அதே மாதிரி வேலை செய்தார்கள். ஒளிர்வு வயதை மட்டும் வைத்துக்கொண்டு அது நடந்திருக்காது.

#7 குவார்ட்ஸ்குட்டி

ஈரம் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பெட்டி விஷயத்தில் என் முறைக்கு வாய்ப்பே இல்லை. எனக்கு இருட்டில் குழாய் அடித்து எடுத்த மண் வேண்டும். இவரிடம் மண்ணே இல்லை, ஓடு மட்டும்தான். அதனால் ஒதுங்கி நின்று பார்க்கிறேன். வாய் மட்டும் சும்மா இருக்காது.

#8 மண்படி

மிக்க நன்றி. ஒரு குழப்பம். பெட்டியோடு ஒரு பழைய தட்டச்சுக் குறிப்பும் இருந்தது. இதே மேட்டின் 5 மீட்டர் ஆழத்துக்கு அப்போதே யாரோ கார்பன் வயது எடுத்து 20,000 என்று குறித்திருக்கிறார்கள். பின்னால் வேறொருவர் அதே மட்டத்துக்கு ஒளிர்வு முறையில் 24,000 என்று எடுத்திருக்கிறார். நாலாயிரம் ஆண்டு வித்தியாசம். இது செத்த கார்பனாலா?

#9 கார்பன்காரன்

இல்லை. செத்த கார்பன் கலந்தால் கார்பன் வயது கூடத்தான் செய்யும், உங்கள் குறிப்பில் குறைவாக அல்லவா இருக்கிறது?

அந்த 20,000 என்பது அளவுதிருத்தாத கார்பன் வயது. வளிமண்டலத்தில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவில் இருந்ததில்லை. மர வளையம், குகைச் சுண்ணாம்புப் படிவு, ஏரிச்சேறு எல்லாம் வைத்து வரைந்த வளைவு இருக்கிறது. இப்போது இன்ட்கால்20 என்பதைப் பயன்படுத்துகிறோம், 55,000 ஆண்டு வரை போகும். அதில் 20,000 கார்பன் ஆண்டைப் போட்டால் சுமார் 24,000 நாட்காட்டி ஆண்டு வரும். ஒளிர்வு வயது முதலிலிருந்தே நாட்காட்டி ஆண்டுதான். ஆக இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. பழைய குறிப்புகளைப் படிக்கும்போது இது திருத்திய வயதா, திருத்தாததா என்று முதலில் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ஒரு தலைமுறையே சண்டை போட்டிருக்கிறது.

#10 சும்மா_வந்தவன்

ஹா ஹா, இருவருமே சரி, சண்டை மட்டும்தான் தவறு.

#11 ஓடுபொறுக்கி

மண்படி, பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று வர்ணியுங்கள். அளவு, வடிவம், வாய் எப்படி, தொப்புள் (ஓட்டின் அடிப்பக்கக் குழி) திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா? இனம் தெரியாமல் பேசிப் பயனில்லை.

#12 மண்படி

முடிந்தவரை சொல்கிறேன்.

2 மீட்டர் பையில் பெரும்பாலும் பெரியவை. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலம், உருண்டை, வாய் விளிம்பு வெளியே மடிந்து தடித்திருக்கிறது. கூடவே தட்டையான, வரிவரியான சின்னவை, ஐந்தாறு மில்லிமீட்டர். அடிப்பக்கம் அகலமாகத் திறந்திருக்கிறது.

5 மீட்டரில் அதே சின்னவை நிறைய, பெரியவை நாலைந்து. தடித்த, கூம்பாக உருண்ட இன்னொரு வகையும் இருக்கிறது, ஒரு சென்டிமீட்டருக்குள்.

8 மீட்டரில் பெரியது ஒன்றுமே இல்லை. தட்டையான சின்னவை மூன்று. அப்புறம் கண்ணாடி மாதிரி மெல்லிய, நீண்ட வாய் உள்ள ஒன்றே ஒன்று. தொடவே பயமாக இருக்கிறது.

1938 பையில் தட்டையான சின்னவை ஆறு.

#13 ஓடுபொறுக்கி

படம் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்லக்கூடாது, ஆனாலும் ஊகிக்கலாம். பெரிய உருண்டை, மடிந்த விளிம்பு: பாலிஜைரிடே குடும்பம், மெசோடான் போலத் தெரிகிறது. தட்டையான வரிவரி: டிஸ்கஸ். தடித்த கூம்பு: ஹெலிசினிடே. இதன் வாயை மூட ஒரு மூடி உண்டு, மற்றவற்றுக்குக் கிடையாது. அந்தக் கண்ணாடி ஓடு சக்சினீடே குடும்பமாக இருக்க வேண்டும். இருபத்து நாலாயிரம் ஆண்டுக்கும் மேல் புழுதிச் சுமையைத் தாங்கியது, உங்கள் கை பட்டு உடைந்தால் எனக்குத் தூக்கம் வராது.

இனம் ஏன் முக்கியம் என்று சொன்னேன் இல்லையா? பிகாட்டி குழுவினர் 2010-இல் வட அமெரிக்காவெங்கும் உயிருடன் பிடித்த சின்ன நத்தைகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவை சுண்ணாம்புக்கல் பகுதிக்கு அருகில் வாழ்ந்தவை. அப்படியிருந்தும் நாலில் மூன்று பங்குக்கு மேல் செத்த கார்பனே இல்லை. அலாஸ்காவிலும் பெருஞ்சமவெளியிலும் லோயஸுக்குச் சக்சினீடே ஓடுகள் நன்றாக வேலை செய்தன. ஆனால் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் அந்தக் குடும்பம் அரிது. உங்கள் பெட்டியிலும் ஒன்றுதானே இருக்கிறது? அதனால் அங்கே கிடைக்கிற மற்றக் குடும்பங்களைத் தனியாகச் சோதித்தார்கள். டிஸ்கஸ் போன்ற பெரும்பாலானவற்றில் செத்த கார்பன் ஒன்று முதல் ஐந்து சதவீதம்தான், பிழை சில நூறு ஆண்டுக்குள் அடங்கும். மெசோடான் மட்டும் சொதப்பல். நிறையத் தின்கிறது, அதுவும் ஓட்டுக்கு ஓடு வேறு வேறு அளவு. இரண்டாயிரம் ஆண்டு வரை கூட்டிச் சொல்லும்.

பெரிதாக, அழகாக இருக்கிறதே என்று அதை எடுத்து அனுப்பிவிடாதீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.

#14 கார்பன்காரன்

நான் எடுத்தேன். பல வருடத்துக்கு முன், இந்த விஷயம் தெரியாத காலத்தில். ஒரு லோயஸ் வெட்டுமுகத்தில் நாலு மட்டம். எடை போதவில்லை என்று ஒவ்வொரு மட்டத்திலும் பத்துப் பதினைந்து ஓட்டைக் கலந்து அரைத்தேன். சின்னதும் பெரியதும் எல்லாம். முடிவு வந்தபோது மேல்மட்டம் கீழ்மட்டத்தை விட ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழையதாக இருந்தது. ஆய்வகம்தான் மாதிரியை மாற்றிவிட்டது என்று அவர்களுக்குக் கோபமாக மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்கள் பொறுமையாகப் பதிவேட்டை அனுப்பினார்கள். தவறு என்னுடையது. கலந்து அரைத்த பிறகு எந்த ஓடு கெடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்று அதற்குத் தேவையே இல்லை. கார்பன்-14 சிதைவதை எண்ணும் பழைய கருவிகளுக்குக் கிராம் கணக்கில் கார்பன் வேண்டும், அதனால் கலந்தார்கள். அணுக்களையே நேரடியாக எண்ணும் முடுக்கி நிறைமானி வந்த பிறகு ஒரு மில்லிகிராம் கார்பன் போதும், அதற்குக் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஒரு ஓடு, ஒரு வயது. கலக்காதீர்கள்.

#15 குவார்ட்ஸ்குட்டி

அந்தத் தலைகீழ் வயதுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சரிவின் மேலிருந்து பழைய லோயஸ் கழுவிவரும்போது பழைய ஓடும் கூட வரும்.

#16 ஓடுபொறுக்கி

வரும். ஆனால் கழுவி வந்த ஓடு உடைந்திருக்கும், உள்ளே வேறு நிற மண் அடைத்திருக்கும். அதனால்தான் உடையாத மெல்லோடு எனக்குப் பிடிக்கும். அது நகர்ந்திருந்தால் பிழைத்திருக்காது.

இதற்கு நேர் எதிரான திருடனும் உண்டு. ஐரோப்பாவில் செசிலியாய்டெஸ் அசிகுலா என்று ஒரு நத்தை. கண் கிடையாது, ஊசி மாதிரி வெள்ளை ஓடு, மண்ணுக்கடியிலேயே வாழும். வேர்த்துளை வழியாக மீட்டர் கணக்கில் கீழே போய்ச் செத்துக் கிடக்கும். பனியுக அடுக்கில் அதைப் பார்த்துப் புளகாங்கிதம் அடைந்தவர்கள் உண்டு. அகழ்வாய்வு செய்கிறவர்கள் பட்டியலிலிருந்து அதை அப்படியே தள்ளிவிடுவார்கள்.

#17 எல்_டி

இந்த இழையில் அமினோ அமிலம் பற்றி யாரும் பேசவே இல்லையே, எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓட்டுக்குள் புரதம் கொஞ்சம் சிக்கியிருக்கும். உயிரோடு இருக்கும்போது அதன் அமினோ அமிலங்கள் எல்லாம் இடக்கை வடிவம். செத்த பிறகு மெல்ல மெல்ல வலக்கை வடிவத்துக்கு மாறும். இரண்டின் விகிதத்தை அளந்தால் எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும். கார்பன் நிற்கும் இடத்தைத் தாண்டி லட்சக்கணக்கான ஆண்டு வரை போகலாம். 1990-களில் ஓச்சஸ், மெக்காய் இருவரும் ஹங்கேரியின் 'இளம் லோயஸ்' பற்றிய முரண்பட்ட வயதுகளை நத்தை ஓட்டின் அமினோ அமிலத்தை வைத்தே அலசினார்கள்.

#18 கார்பன்காரன்

எல்டி, அது கடிகாரமா, தெர்மாமீட்டரா என்று உங்கள் ஆட்களே இன்னும் சண்டை போடவில்லையா?

#19 எல்_டி

இரண்டும்தான், அதுதான் சிக்கல். மாறும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த இடத்தில் கிடந்த ஓடு இளமையாகத் தெரியும். ஆகவே ஆண்டு சொல்வதை விட, "இது கடைசிப் பனியுகத்து மண்ணா, அதற்கு முந்தைய பனியுகத்து மண்ணா" என்று பிரிப்பதற்கு இது அருமை. பீயோரியாவுக்கு அடியில் லவ்லேண்ட் என்ற பழைய லோயஸ் பல இடங்களில் இருக்கிறது. வெறும் கண்ணால் பிரிப்பது எப்போதும் சுலபம் இல்லை. கார்பன் முறையில் லவ்லேண்ட் ஓட்டைப் போட்டால் எல்லைக்கு அப்பால் என்று மட்டும் வரும். இன்னும் மோசம், தவறான ஒரு எண்ணும் வரலாம்.

#20 கார்பன்காரன்

அந்தத் தவறான எண் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செத்த கார்பன் வயதைக் கூட்டும், புதிய கார்பன் வயதைக் குறைக்கும். மழைநீரில் கரைந்த கார்பனேட் ஓட்டில் மறுபடியும் படியலாம். ஒரு சதவீதம் புதிய கார்பன் ஒட்டினால் 20,000 ஆண்டு ஓட்டில் வயது சுமார் 800 ஆண்டு குறையும். அதே ஒரு சதவீதம் 45,000 ஆண்டு ஓட்டில் ஒட்டினால் அது 35,000 என்று காட்டும்! பத்தாயிரம் ஆண்டு மாயம். பழைய ஓட்டில் சொந்தக் கார்பன்-14 அரை சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டதால், ஒட்டியதுதான் பேசும். முப்பதாயிரத்தைத் தாண்டிய நத்தை வயது எதையும் நான் முதல் பார்வையில் நம்புவதில்லை.

நல்ல வேளையாக ஒரு சோதனை இருக்கிறது. நத்தை தன் ஓட்டைக் கால்சியம் கார்பனேட்டின் அரகோனைட் என்ற வடிவத்தில்தான் கட்டும். கரைந்து மறுபடி படிந்தால் அது பெரும்பாலும் கால்சைட்டாகிவிடும். எக்ஸ்-கதிர் சோதனையில் கால்சைட் தெரிந்தால் ஓட்டை ஓரம் கட்டலாம். சுத்தமாக இருந்தாலும் மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கை நீர்த்த அமிலத்தில் கரைத்துவிட்டுத்தான் உள்பகுதியை அளப்பார்கள்.

#21 மண்படி

அப்படியென்றால் என் திட்டம் இது. 2 மீட்டரில் டிஸ்கஸ் ஒன்று, 5 மீட்டரில் டிஸ்கஸ் ஒன்று, 8 மீட்டரில் டிஸ்கஸ் ஒன்று, அந்தக் கண்ணாடி ஓடு ஒன்று. ஐந்தாவதாக 5 மீட்டரில் ஹெலிசினிடே. சரியா?

#22 கார்பன்காரன்

கிட்டத்தட்ட. ஆனால் ஐந்தாவதை 1938 பைக்குக் கொடுங்கள். அது தங்கம். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டு சோதனைகள் காற்றின் கார்பன்-14 அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டன. அதற்குப் பிறகு பிடித்த நத்தையில் கணக்குக் குழம்பும். 1938 அதற்கு முன். உங்கள் டிஸ்கஸ் எவ்வளவு கல் தின்கிறது என்று நேரடியாக அளக்கலாம். கவனம், பூஜ்யம் வராது. நிலக்கரிப் புகையால் அன்றைய காற்றே கொஞ்சம் பழையதாக இருந்தது, நூற்றைம்பது ஆண்டு போலக் காட்டுவது இயல்பு. 500 என்று காட்டினால், கூடுதல் 350 ஆண்டு செத்த கார்பனுடையது, அதாவது நாலு சதவீதம் சொச்சம்.

#23 குவார்ட்ஸ்குட்டி

வாய் சும்மா இருக்காது என்று சொன்னேன் அல்லவா, இதோ. அந்த 1938 சோதனையில் ஒரு குறை இருக்கிறது. இன்றைய நத்தை வாழ்வது பல்லாயிரம் ஆண்டு மழையில் சுண்ணாம்பு கழுவப்பட்ட மேல்மண்ணில். பனியுக நத்தை வாழ்ந்தது வருடா வருடம் புதுப்புழுதி கொட்டிக்கொண்டிருந்த இடத்தில். மிசிசிப்பிப் புழுதியில் டோலமைட் (சுண்ணாம்புக்கல் போன்ற கார்பனேட் கனிமம்) நிறைய. இலையைத் தின்றாலே இலை மேல் இருக்கும் தூசியும் வாயில் போகும். ஆகவே 1938 நத்தை நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது என்பதால் அதன் பாட்டனும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது.

#24 கார்பன்காரன்

நல்ல கேள்வி. இதற்கு எனக்குச் சுலபமான பதில் இல்லை. பனியுக அடுக்கிலேயே ஓட்டுக்குப் பக்கத்தில் கரித்துண்டோ விதையோ கிடைத்தால் இரண்டையும் ஒப்பிடுவார்கள், துனசெக்சோவில் கரியும் ஓடும் ஒப்பிட்டார்கள். இவரிடம் கரி இல்லை.

#25 ஓடுபொறுக்கி

கரி இல்லை, ஆனால் 8 மீட்டரில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒரே மட்டம், ஒரே புழுதி, வெவ்வேறு பழக்கம். டிஸ்கஸ் சருகடியில், சக்சினீடே ஈரமான செடித் தண்டில். தூசி இரண்டையும் கெடுத்திருந்தால் ஒரே அளவில் கெடுத்திருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு வயதும் பிழைக்கோட்டுக்குள் ஒத்துப்போனால் குட்டியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். 1938 மீதிப் பாதி. ஹெலிசினிடே அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

#26 குவார்ட்ஸ்குட்டி

இதை ஏற்றுக்கொள்கிறேன். 8 மீட்டரில் அந்த ஜோடிதான் இந்தப் பெட்டியிலேயே முக்கியமான அளவீடு. மற்ற மூன்றும் கூட வருகிறவை.

#27 மண்படி

கண்ணாடி ஓட்டை எடை போட்டேன் (மூச்சைப் பிடித்துக்கொண்டு). 9 மில்லிகிராம். போதுமா?

#28 கார்பன்காரன்

கால்சியம் கார்பனேட்டில் கார்பன் 12 சதவீதம். அமிலத்தில் மூன்றில் ஒரு பங்கு போனால் 6 மில்லிகிராம் மிச்சம், அதில் கார்பன் 0.7 சொச்சம். தாராளமாகப் போதும். விண்ணப்பத்தில் "ஒற்றை ஓடு, சிறியது" என்று எழுதிவிடுங்கள், அவர்கள் அமிலத்தைப் பார்த்துப் போடுவார்கள்.

இன்னொன்று, பழைய பெட்டி என்பதால் கேட்கிறேன். எந்த ஓட்டிலாவது மை எண் இருக்கிறதா? அந்தக் காலத்தில் ஓட்டின் மேல் வார்னிஷ் ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் அதன் மேல் எண் எழுதுவார்கள். உடைந்ததைப் பசை போட்டு ஒட்டுவார்கள். இரண்டும் கார்பன்தான். பஞ்சிலோ காகிதத்திலோ ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்ததா என்றும் பாருங்கள்.

#29 மண்படி

5 மீட்டர் டிஸ்கஸ் நாலில் எண் இருக்கிறது, பளபளப்பும் இருக்கிறது! நல்லவேளை கேட்டீர்கள், அதில் ஒன்றைத்தான் எடுத்து வைத்திருந்தேன். எண் இல்லாத ஒன்றை மாற்றி எடுத்துவிட்டேன். 1938 பையில் ஒன்று பூஞ்சை, மற்றவை சுத்தம்.

#30 ஓடுபொறுக்கி

அனுப்புவதற்கு முன் ஐந்தையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள், அளவுகோல் வைத்து. அமிலத்தில் போன பிறகு அது டிஸ்கஸ்தானா என்று யாரும் சரிபார்க்க முடியாது.

#31 மண்படி

எடுத்துவிட்டேன். மெசோடான் எல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும். ஐந்து ஓடும் ஐந்து கண்ணாடிக் குப்பியில், இன்று காலை அஞ்சலில் போய்விட்டன. ஆழத்தைக் குப்பியின் மேல்தான் எழுதினேன், ஓட்டின் மேல் இல்லை.